ஜெபம் கேட்கப்படவில்லை, ஊழியத்தை விட்டுவிடலாமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் வசிக்கிறேன். பல ஆண்டுகளாக எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்து வருகிறேன். சென்ற ஆண்டு என் கணவர் நோயுற்றபோது சபையார் உபவாசமிருந்து ஜெபித்தும் அவர் இறந்துபோனார். "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சபைப் பெரியவர் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். பிள்ளைகளிடம் "தேவன் நல்லவர்" என்று சொல்லும்போது பொய் சொல்வதுபோல் இருக்கிறது. வகுப்பை விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்தப் பெரியவர் சொன்னதை முதலில் உங்கள் மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள், அது வேதத்துக்கு ஒவ்வாத பேச்சு. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார். அதே அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். இருவரும் இயேசுவோடு நடந்த சீஷர்கள். ஒருவர் ஏன் மாண்டார், மற்றவர் ஏன் தப்பினார் என்பதற்கு அந்நூலை எழுதிய லூக்கா காரணம் எதுவும் எழுதவில்லை. யாக்கோபுக்காக அழுதவர்களின் விசுவாசத்தை அவர் அளந்து பார்க்கவும் இல்லை. வேதம் மௌனமாயிருக்கும் இடத்தில், துக்கவீட்டில் நின்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

ஏமாற்றத்தைத் தேவனிடம் சொல்வது அவிசுவாசம் ஆகாது. இயேசு சிலுவையில் மரித்தபின் எம்மாவு என்ற ஊருக்குப் போன சீஷர்கள், அவரே மீட்பர் என்று "நம்பியிருந்தோம்" என முடிந்துபோன காரியமாகப் பேசியது உயிர்த்தெழுந்த ஆண்டவரிடமே. அவர் அவர்களுடைய மந்தபுத்தியைக் கடிந்துகொண்டாலும் வழியில் விட்டுப் போகாமல் கூடவே நடந்தார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அது தேவாலயத்தில் பாடும் பாட்டாகவே நமக்குத் தரப்பட்டிருக்கிறது. அதை ஒரு மாலை வீட்டில் வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் வகுப்பிலும் தகப்பனை இழந்த பிள்ளைகள் இருக்கக்கூடும். "நான் ஜெபித்தேன், அவர் இறந்துவிட்டார், இன்னும் நான் ஜெபிக்கிறேன்" என்று சொல்லும் ஆசிரியை அந்தப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லவில்லை. எந்தப் பாடப்புத்தகமும் தர இயலாத ஒன்றைத் தருகிறார்.

நம்மில் பலர் ஊழியத்தைச் சீட்டுப்பணம்போலக் கட்டிவருகிறோம். தேவையான நாளில் அது திரும்பி வராதபோது மனம் உடைந்துபோகிறோம். உங்களைக் குறைகூற இதை எழுதவில்லை. நம் சபைகளில் சாட்சிகள் சொல்லப்படும் முறையே நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. உங்கள் நீலகிரி மலையிலேயே 1846இல் கேத்தியில் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் ஊழியர்கள் பணியைத் தொடங்கினார்கள். அம்மலையில் வாழும் படகர்களில் முதலாமவர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல்தான். அந்த ஊழியத்தைத் தாங்கிய காசமேஜர் என்ற அதிகாரி 1849இலேயே இறந்துபோனார். பலனை அவர் காணவில்லை. உங்கள் காத்திருப்புக்கும் ஒருநாள் பலன் தெரியும் என்று ஆறுதல் கூற இதைச் சொல்லவில்லை. வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே விசுவாசத்தில் மரித்தவர்களை எபிரெயர் 11ஆம் அதிகாரம் மதிப்போடு பட்டியலிடுகிறது. பலனைக் காணாத விசுவாசமும் மெய்யான விசுவாசமே என்று அவர்கள் வழியாக நானும் நம்புகிறேன்.

எனவே வகுப்பை விட்டுவிட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் எல்லாவற்றையும் சுமக்கவும் வேண்டாம். சூரைச்செடியின் கீழே சாவை விரும்பிப் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும் தூக்கமும். புதிய வேலையும் எலிசா என்ற துணையும் பிறகே வந்தன. இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிப் பயிற்சியை வேறொருவர் ஏற்கட்டும். நீங்கள் சிறுபிள்ளைகளின் வகுப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இயலாதென்றால், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வரை ஓய்வு வேண்டும் என்று ஆயரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்.

அந்தப் பெரியவரை மன்னிக்க உங்களுக்கு நாட்கள் ஆகலாம். ஆனால் அவர் சொன்னதை, நம்பிக்கையான ஒரு சகோதரியை உடன் அழைத்துச் சென்று, ஆயரிடம் இப்போதே தெரிவித்துவிடுங்கள். உங்கள் சபையில் இன்னொரு வீட்டில் துக்கம் நேரும்போது அங்கேயும் அந்த வார்த்தை சொல்லப்படாதிருக்க, ஆயர் அதைத் தெரிந்திருக்க வேண்டும்.