ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் காட்டு உணவு: பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஏழு வயது மகள் பள்ளியில் விட்செட்டிப் புழுவைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்து, "சீ, அதையா சாப்பிடுவார்கள்?" என்கிறாள். எப்படி விளக்குவது?

பதில்: அதை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், அருவருப்பு தானாகவே விலகிவிடும். மத்திய ஆஸ்திரேலியாவில் ஒருவகை வேலம்புதரின் வேருக்குள் வாழும் அந்துப்பூச்சியின் புழு அது. அரெர்ன்டே முதலான மக்களின் பெண்கள், பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, புதரடியில் மண் வெடித்திருக்கும் இடத்தைக் கண்டு தோண்டி, வீங்கியிருக்கும் வேரை முறித்து, விரல் பருமனுள்ள வெள்ளைப் புழுவை வெளியே எடுப்பார்கள். பச்சையாகத் தின்றால் பாதாம் சுவை இருக்கும். சூடான சாம்பலில் புரட்டினால் தோல் மொறுமொறுப்பாகும். எந்த வேரில் புழு இருக்கிறது என்பதைப் பாட்டிமாருடன் நடந்துதான் அந்தப் பிள்ளைகள் கற்கிறார்கள். உங்கள் மகளிடமும் "எந்த வேரில் புழு இருக்கும்?" என்று கேளுங்கள்.

கேள்வி: சிட்னியில் வசிக்கிறோம். பிள்ளைகளுடன் காட்டுக்குப் போய் நாங்களே பறித்துச் சுவைக்கலாமா?

பதில்: வேண்டாம். தேசியப் பூங்காக்களில் செடிகளைப் பறிப்பது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய காரணம் நஞ்சு. பூர்வகுடிகள் உண்ணும் பாலைவனத் தக்காளியின் நெருங்கிய உறவுச் செடிகள் சில நச்சுத்தன்மை கொண்டவை. பனை போலத் தோன்றும் சைக்கஸ் இனத்து விதைகளை நீரில் நெடுநேரம் ஊறவைத்து நஞ்சகற்றிய பிறகே பூர்வகுடிகள் உண்டனர்.

ஆஸ்திரேலியாவைத் தெற்கு வடக்காகக் கடக்கச் சென்று, 1861-இல் உள்நாட்டில் உள்ள கூப்பர் ஓடைக் கரையில் இறந்த பர்க், வில்ஸ் என்னும் ஆய்வுப் பயணிகளின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். நம் ஊர் வயல்களில் முளைக்கும் ஆரைக்கீரையின் இனத்தைச் சேர்ந்த நர்டூவின் வித்துகளை அவர்கள் நாள்தோறும் தின்றும் மெலிந்தே போனார்கள். அதிலுள்ள ஒரு நொதி, வைட்டமின் பி1-ஐச் சிதைக்கக்கூடியது. அப்பகுதியின் பூர்வகுடிகளான யாண்ட்ருவாந்தா மக்களின் பக்குவத்தை அவர்கள் முழுமையாகப் பின்பற்றாததே அழிவுக்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. அவர்களுடன் சென்ற கிங் மட்டும், அம்மக்கள் தம்மோடு சேர்த்துக்கொண்டு உணவளித்ததால் உயிர் பிழைத்தார். ஒரு செடியின் பெயரை அறிவதற்கும் அதை உண்ணும் முறையை அறிவதற்கும் உள்ள தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன். ஆகவே, கடிகல் மக்களின் நிலத்தில் அமைந்துள்ள சிட்னி தாவரவியல் பூங்காவில் பூர்வகுடி வழிகாட்டிகள் நடத்தும் நடைகளில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமான செடிகளோடு இவற்றைத் தொடர்புபடுத்த முடியுமா?

பதில்: தாராளமாக. குவாண்டாங் என்னும் சிவப்புப் பழம் சந்தன மரத்தின் இனம். வைட்டமின் சி மிகுதிக்குப் பெயர்பெற்ற ககாடு பிளம், கடுக்காயின் இனம்.

கேள்வி: "அபாரிஜினல் மக்கள் இதை உண்பார்கள்" என்று பொதுவாகச் சொல்லலாமா?

பதில்: கூடுமானவரை எந்த மக்கள் என்று பெயர் சொல்லியே பேசுங்கள். ஐரோப்பியர் குடியேறியபோது அங்கே 250-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. உணவும் நிலத்துக்கு நிலம், பருவத்துக்குப் பருவம் மாறும். தென்மேற்கின் நூங்கார் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுக்கிறார்கள்.

கேள்வி: வீட்டில் எதைச் சமைக்கலாம்?

பதில்: வறுத்து அரைத்த வேலவிதை மாவை பிஸ்கட் மாவில் சிறிது கலக்கலாம். வாரிகல் என்னும் ஆஸ்திரேலியக் கீரையில் ஆக்சலேட் என்னும், மிகுதியானால் உடலுக்கு ஒவ்வாத பொருள் உண்டு. கொதிநீரில் போட்டெடுத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். வாங்கும்போது பூர்வகுடிகளே நடத்தும் நிறுவனங்களைத் தேடி வாங்குங்கள். இந்த வணிகத்தின் வருவாயில் மிகச் சிறு பங்கே அவர்களைச் சேர்கிறது.