வல்கனா, ஓபன்ஜிஎல்லா? – கடிதம்

வணக்கம்.

சி++ ஓரளவு தெரியும். சொந்தமாக ஒரு 2டி கேம், பிறகு சின்னதாக ஒரு 3டி கேம் செய்ய ஆசை. கிராஃபிக்ஸ் கார்டிடம் படம் வரையச் சொல்லும் ஓபன்ஜிஎல் செத்துவிட்டது, அதற்குப் பதில் நேரே வல்கனுக்குப் போ என்கிறார்கள் நண்பர்கள். இரண்டு வாரமாக முயல்கிறேன், ஒரு முக்கோணம்கூட திரையில் வரவில்லை. டைரக்ட்எக்ஸ் பக்கம் போகலாமா? எதைப் படித்தால் உழைப்பு வீணாகாது?

எம்.

அன்புள்ள எம்.,

வல்கனில் அந்த ஒரு முக்கோணத்துக்கே ஏறக்குறைய ஆயிரம் வரி எழுதவேண்டும். நினைவகத்தை ஒதுக்குவது, சிபியுவும் ஜிபியுவும் எப்போது ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பது, திரைக்கு மாறி மாறிப் போகும் படங்களின் வரிசையான ஸ்வாப்செயின் என்று கார்டின் டிரைவர் மென்பொருள் பார்த்துக்கொண்டிருந்த வேலையெல்லாம் உங்கள் தலையில் விழுகிறது. என்ஜின் எழுதிப் பழகியவர்களுக்கு அது வரம். முதல் ஷேடரை (ஜிபியுவில் ஓடும் சிறு நிரலை) எழுதுகிறவருக்குத் தண்டனை.

உங்களுக்கு இருப்பது இரண்டு ஆசைகள். கேமை முடிப்பது ஒன்று. படம் எப்படித் திரைக்கு வருகிறது என்று அறிவது இன்னொன்று. முதலாவதற்கு நீங்கள் சொன்ன மூன்றுமே வேண்டாம், ரேலிப் (raylib) என்ற நூலகமே போதும். விண்டோவைத் திறந்து, ஒரு படத்தை ஏற்றி, அம்புக்குறி விசைகளால் நகர்த்த முப்பது வரி போதும். ஒலியும் அதிலேயே உண்டு. 2டி கேமை அதில் முடித்துவிடுங்கள்.

3டிக்கு ஓபன்ஜிஎல் 3.3 கோர், அதாவது பழைய முறைகளை நீக்கிய வடிவம். செத்துவிட்டது என்பது பாதி உண்மைதான்: 2017இல் வந்த 4.6க்குப் பிறகு புதிய பதிப்பு இல்லை, மேக்கில் 4.1ஐத் தாண்டாது. ஆனால் வெர்டெக்ஸ் பஃபர் (உருவத்தின் முனைப்புள்ளிகளை வைக்கும் இடம்), ஷேடர், மேட்ரிக்ஸ், டெப்த் டெஸ்ட் (எது முன்னால், எது பின்னால் என்ற சோதனை) எல்லாம் வல்கனிலும் இவைதான். பாடம் தேடும்போது ஜிஎல்பிகின் (glBegin), ஜிஎல்எண்ட் (glEnd) கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அது 1992இன் முறை, கோர் ப்ரொஃபைலில் கிடையாது.

ஓபன்ஜிஎல்லின் உண்மையான தொல்லை, தப்பு செய்தாலும் வாயைத் திறக்காது என்பது. டெக்ஸ்சர் (உருவத்தின்மேல் ஒட்டும் படம்) கறுப்பாக வருகிறதா? படத்தைச் சுருக்கிக் காட்டும்போது பயன்படும் மின் ஃபில்டரின் (min filter) இயல்பு மதிப்பு மிப்மேப்பை, அதாவது அதே படத்தின் சிறிய பிரதிகளை, எதிர்பார்க்கிறது. நீங்கள் மிப்மேப் உருவாக்கியிருக்க மாட்டீர்கள். உருவாக்குங்கள், அல்லது ஃபில்டரை லீனியர் ஆக்குங்கள். படம் சாய்ந்து கோணலாக வருகிறதா? 250 பிக்சல் அகலமுள்ள ஆர்ஜிபி படத்தில், பிக்சலுக்கு 3 பைட் வீதம், ஒரு வரிசை 750 பைட். ஓபன்ஜிஎல் ஒவ்வொரு வரிசையும் 4இன் மடங்கில் தொடங்கும் என்று எண்ணி 752 பைட் தாண்டிப் படிக்கிறது. வரிசைக்கு இரண்டு பைட்டாக விலகிக்கொண்டே போகும். அந்த 4ஐத் தீர்மானிக்கும் அன்பேக் அலைன்மென்ட்டை 1 ஆக்கினால் நிமிர்ந்துவிடும். 512 அகலப் படங்களில் இது தலைகாட்டவே காட்டாது என்பதுதான் குழப்பமே.

மேக் இல்லையென்றால் 3.3க்குப் பதில் 4.3 கேளுங்கள், டீபக் அவுட்புட் (debug output) கிடைக்கும், பிழைகள் வார்த்தையில் வரும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ரெண்டர்டாக் என்ற பிழைதேடும் கருவி இருக்கிறது. ஒரு ஃப்ரேமைப் பிடித்து, வரையச் சொல்லும் ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன பஃபர் போனது என்று திறந்து பார்க்கலாம். நிலைக்கு மூன்று ஃப்ளோட், டெக்ஸ்சருக்கு இரண்டு என்றால், ஃப்ளோட்டுக்கு 4 பைட் வீதம், ஸ்ட்ரைட் (ஒரு முனைப்புள்ளியிலிருந்து அடுத்ததற்கான தூரம்) 20 பைட். அங்கே 5 என்று எழுதியிருந்தால் அதில் பளிச்சென்று தெரியும்.

விண்டோஸ் மட்டும் போதுமென்றால் டைரக்ட்எக்ஸின் 3டி பகுதியான டைரக்ட்3டி 11 தாராளமாக எடுக்கலாம், பிழைச்செய்திகளும் தெளிவானவை. 12 வல்கனின் உடன்பிறப்பு, இப்போதைக்கு வேண்டாம்.

ஒளியும் நிழலும் உள்ள ஒரு சின்ன 3டி காட்சியை ஓபன்ஜிஎல்லில் முடித்தபின் வல்கனுக்குத் திரும்புங்கள். அப்போது 1.3இல் தொடங்குங்கள்; டைனமிக் ரெண்டரிங் இருப்பதால் ரெண்டர்பாஸ், ஃப்ரேம்பஃபர் கட்டும் வேலை மிச்சம். தப்பு செய்தால் சொல்லிக்காட்டும் வேலிடேஷன் லேயரை முதல் நாளே போட்டுவிடுங்கள். அது இல்லாமல்தான் உங்கள் இரண்டு வாரம் போயிருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.