ஸ்பெயின் பயணத்தில் கோர்தோபா, செவில்லா, கிரனாடா என்று வரிசையாகத் திட்டம். கிரனாடாவில் இருக்கும் நாளுக்கு அங்குள்ள அல்ஹாம்ப்ரா கோட்டை-அரண்மனை வளாகத்தின் டிக்கெட் இல்லையென்று அந்த ஊரையே விட்டுவிடலாமா?

விட வேண்டாம். கோர்தோபாவுக்குப் பிறகு செவில்லா, கிரனாடா என்றிருப்பதை இடம் மாற்றி, புதிய தேதிக்கு டிக்கெட் தேடுங்கள். கோர்தோபாவிலிருந்து இரண்டுக்கும் நேரடி ரயில் உண்டு.

டிக்கெட் தீர்வதற்குக் காரணம் பெரும்பாலும் வளாகத்துக்குள் இருக்கும் நஸ்ரி அரண்மனைகள்தான். அங்கே நேரம் குறித்து, ஆட்களை எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள்.

தேதி மாற்ற முடியாதென்றால் அதிகாரப்பூர்வத் தளத்தில் அரண்மனைகளுக்கான இரவு டிக்கெட்டைப் பாருங்கள். கோடையில் செவ்வாய் முதல் சனி வரை, குளிர்காலத்தில் வெள்ளி, சனி மட்டும். அல்கசாபா கோட்டை இதில் சேராது. விலை குறைவு என்று தோட்ட டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள், அதில் அரண்மனையே கிடையாது; பலர் ஏமாறுவது இங்கேதான்.

அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பிரதான வாயிலிலிருந்து அரண்மனைக்குக் கால் மணி நேர நடை. குறித்த நேரம் தப்பினால் விடமாட்டார்கள்.