அடுப்பு எப்படி எரிந்தது?

அன்புள்ள ஐயா,

நீதிக்காகப் போராடியவர்களின் வாழ்க்கை வரலாறுகளை ஒரு வருடமாகத் தேடித் தேடி வாசிக்கிறேன். வாசிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. இரண்டு நாள் போனால் ‘அவர்கள் வேறு பிறவி, நம்மால் ஆகாது’ என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. போன வாரம் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட புலையர் மக்களுக்காகப் போராடிய அய்யன்காளியைப் பற்றி வாசித்தபோதும் அப்படித்தான். நான் வாசிக்கும் விதத்தில் ஏதும் கோளாறா?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

அய்யன்காளியைச் சொன்னதில் சந்தோஷம். 1956 வரை உங்கள் ஊரும் அவருடைய திருவிதாங்கூர்ப் பக்கம்தானே!

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 1893-இல்தான் தொடங்குவார்கள். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர்கள் நடக்கக் கூடாத பொதுச்சாலையில் முண்டாசு கட்டி, மேல்துண்டு போட்டு, வில்லுவண்டி ஓட்டிப் போனார். சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் வண்டியும் மாடும் வாங்கக் காசு வேண்டுமே? அவருடைய அப்பா அய்யனுக்குக் கொஞ்சம் சொந்த நிலம் இருந்தது. பிறர் வயலிலேயே உயிரை விட்டுக்கொண்டிருந்த மற்ற புலையர்களுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அய்யன்காளி தனக்குக் கிடைத்த பிடிமானத்தை அவர்களுக்காகச் செலவழித்தார்.

என்னை உலுக்கிய இடம் அடுத்து வருவது. ‘எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும்’ என்று சொல்லிவிட்டு மொத்தப் பேரும் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். அன்றன்று நெல் கூலி வாங்கி அன்றன்றே குத்திக் கஞ்சி காய்ச்சுகிற வீடுகள் அவை. நாலாம் நாள் பிள்ளை பசியில் அழுதால் எந்தத் தாய் தாங்குவாள்? வேலைநிறுத்தங்கள் பெரும்பாலும் முறிவது அங்கேதான். அய்யன்காளி கடற்கரைக்குப் போய் மீனவர்களிடம் பேசினார். ஒவ்வொரு படகிலும் நம் ஆள் ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள், கிடைப்பதில் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று கேட்டார். அவர்களும் ஏற்றிக்கொண்டார்கள். அந்த மீன் பங்கில்தான் அடுப்பு எரிந்தது.

எனக்கு அந்தப் படகுகள் வில்லுவண்டியைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. வலை இழுத்துப் பழகாத கை, உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன கை, அந்தப் பங்கை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. தன் பாட்டையே பார்க்க முடியாத ஒரு மீனவர் இன்னொருவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருகிறார். இவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. நீங்களோ நானோ பிறவியெல்லாம் மாறாமலே செய்திருக்கக்கூடிய காரியம் அது.

அதனால் உங்கள் வாசிப்பில் கோளாறு ஒன்றுமில்லை. இனிமேல் வாசிக்கும்போது கூடவே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த நாட்களில் சோறு யார் போட்டது? பெரிய ஆட்களின் வரலாறுகளில் இது ஒரு வரியாகத்தான் வரும், சிலதில் அதுவும் இருக்காது. தேடித்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பள்ளி. திருவனந்தபுரம் பக்கத்து ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற புலையச் சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தார் அய்யன்காளி. எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர், 1937-இல் காந்தி தன் ஊரான வெங்ஙானூருக்கு வந்தபோது, தன் சமூகத்தில் பத்து பி.ஏ. படித்தவர்களைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்றார். 1941-இல் இறந்துபோனார்.

பாதி எரிந்த ஒரு பெஞ்சை அந்தப் பள்ளியில் இன்றும் வைத்திருக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். போய்விட்டு எழுதுங்கள்.