பிரீமியரை விட்டு ரிசால்வுக்குப் போகலாமா? தஞ்சாவூர்த் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விஸ்காம் முடித்து மூன்று வருஷமாகக் கல்யாண ஸ்டூடியோவில் எடிட்டர், அங்கே எடியஸ், வீட்டில் சொந்தமாகப் பிடிக்கும் யூடியூப் வேலைகளுக்குப் பிரீமியர் ப்ரோ, இரண்டும் வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர். சென்னைக்குப் போன நண்பர்கள் எல்லாரும் டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு சாஃப்ட்வேருக்கு மாறிவிட்டார்கள், நான் பின்தங்கிவிட்டேனா, நாற்பதாயிரம் கட்டிக் கோர்ஸில் சேரட்டுமா, அப்பா வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிசால்வைக் கற்றுக்கொள்ளுங்கள், இப்போதைக்கு மாறாதீர்கள். கற்றுக்கொள்ள உங்கள் ராத்திரி நேரம் போதும். மாறுவது என்றால் உங்களுக்கு வேலை தருகிறவரும், உங்களிடமிருந்து வாங்கி அடுத்த வேலையைச் செய்கிறவரும் கூடவே வரவேண்டும்.

எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வெட்டி முடித்த டைம்லைன், அதாவது வெட்டி அடுக்கிய காட்சிகளின் வரிசை, அப்புறம் யார் கைக்குப் போகிறது? கல்யாண வேலையில் அது யாரிடமும் போவதில்லை, எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் முடிந்தது, எதில் வெட்டினீர்கள் என்று பெண் வீட்டார் கேட்கப்போவதில்லை. சினிமாவில் கதையே வேறு. படம் லாக் ஆனதும், அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவானதும், டைம்லைன் இரண்டு வழியில் கிளம்பும், சவுண்டுக்கு ஏஏஎஃப், டிஐ எனப்படும் இறுதிக் கலர் வேலைக்கு இடிஎல் அல்லது எக்ஸ்எம்எல். மூன்றும் டைம்லைனின் விவரத்தை வேறு சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோகும் ஃபைல் வகைகள். அதைப் பிழையில்லாமல் எடுத்துக் கொடுப்பதில்தான் ஓர் அசிஸ்டென்ட் எடிட்டரின் பேர் நிற்கிறது. அங்கே சாஃப்ட்வேரைத் தீர்மானிப்பது உங்கள் எடிட்டர். அவர் ஆவிட் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரைச் சொன்னால் ஆவிட்தான், ஏனென்றால் ஒரே ப்ராஜெக்டை மூன்று பேர் மூன்று அறையில் திறந்து, ஒருவர் காட்சிகளை வைத்திருக்கும் ‘பின்’ என்ற ஃபோல்டரை இன்னொருவர் கெடுக்காமல் வேலை செய்ய அது வசதி. அதனால் நண்பர்கள் மாறிவிட்டார்கள் என்ற செய்தி பாதிச் செய்திதான். அவர்கள் யாரிடம், என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டீர்களா? ஒருவர் கலர் கிரேடிங் பக்கம், அதாவது படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வேலைக்கு, போயிருந்தால் அவர் ரிசால்வில் இருப்பதில் ஆச்சரியமே இல்லை, அதன் பிறப்பே அங்கேதான்.

டாவின்சி முதலில் கலர் கிரேடிங் இயந்திரம், பெரிய போஸ்ட் புரொடக்‌ஷன் கம்பெனிகள் மட்டும் வாங்க முடிந்த விலை. 2009-ல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அந்தக் கம்பெனியை வாங்கியது, அப்புறம் இலவசப் பதிப்பு விட்டது, 2017-ல் சவுண்டுக்கு ஃபேர்லைட், 2018-ல் விஎஃப்எக்ஸுக்கு ஃப்யூஷன் என்று ஒவ்வொன்றாக உள்ளே சேர்த்தது. இன்று இலவசப் பதிப்பிலேயே யூஎச்டி (4கே டிவி) அளவுக்கு ஒரு படத்தை வெட்டி, கலர் செய்து, மிக்ஸ் செய்து முடிக்கலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்ற சிலவற்றுக்குத்தான் ஸ்டூடியோ பதிப்பு வேண்டும், அதற்கு ஒரே தடவை 295 டாலர், மாதச் சந்தா கிடையாது. பிரீமியரைத் தயாரிக்கும் அடோபி 2013-ல் சந்தா முறைக்குப் போனபின் அதில் அப்படி ஒரே தடவை வாங்கி வைத்துக்கொள்ள வழியில்லை. மாசா மாசம் கட்ட முடியாமல் கிராக் வெர்ஷனில் ஓட்டுகிற பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள், நீங்களும் அப்படி என்றால் ரிசால்வைக் கற்க அதுவே போதுமான காரணம். அடுத்தவர் கல்யாண ஃபுட்டேஜை வைரஸ் ஏறக்கூடிய கணினியில் வைத்திருக்கிறீர்கள், அந்தக் குடும்பத்துக்கு வேறு காப்பி இருக்காது.

மாறுவதில் அவசரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2011 ஜூன் மாதம் ஆப்பிள் தன் எடிட்டிங் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பான ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை வெளியிட்டது. அதுவரை உலகம் முழுக்க எடிட்டர்கள் ஃபைனல் கட் 7-ல் உட்கார்ந்திருந்தார்கள். புதியதில் பழைய ப்ராஜெக்ட் திறக்கவில்லை, பல கேமராக் காட்சிகளைச் சேர்த்து வெட்டும் மல்டிகேம் இல்லை, எக்ஸ்எம்எல் இல்லை, டேப்புக்கு அனுப்ப வழியில்லை, பழையதையோ ஆப்பிள் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டது. கையில் பாதி வெட்டிய வேலையோடு இருந்தவர்கள் தவித்துப்போனார்கள், பலர் பிரீமியருக்கும் ஆவிடுக்கும் போய்விட்டார்கள். இத்தனைக்கும் எக்ஸ்எம்எல் அந்த செப்டம்பரிலேயே வந்தது, மல்டிகேம் அடுத்த ஜனவரியில் வந்தது. ஆறு ஏழு மாசம் பழையதிலேயே இருந்தவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால், 2019-ல் வந்து ஆஸ்கர் வாங்கிய கொரியப் படம் பாரசைட், அதன் எடிட்டர் யாங் ஜின்மோ வெட்டியது அந்தக் கைவிடப்பட்ட ஃபைனல் கட் 7-ல்தான், சிறந்த எடிட்டிங்குக்கு நாமினேஷனும் வாங்கினார். ஆனால் அதையே சாக்காக வைத்துக் காலத்துக்கும் இருந்துவிட முடியாது, மேக்கின் ஹை சியரா பதிப்பு வந்தபோது ஃபைனல் கட் 7 திறப்பதே நின்றுபோனது. பழையது ஓடும்வரை ஓட்டலாம், அது நிற்கும் நாளில்தான் புதியதை முதன்முதலாகத் திறந்து பார்ப்பது என்று இருக்கக்கூடாது.

சரி, எப்படிக் கற்பது? புது வேலையில் கற்காதீர்கள். முடித்துக் கொடுத்த பழைய கல்யாணம் ஒன்றை எடுத்து அதன் முகூர்த்தத்தை மட்டும் ரிசால்வில் முதலிலிருந்து வெட்டுங்கள். தாலி கட்டும் இடத்தை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒலியின் அலைப்படமான வேவ்ஃபார்மில் கெட்டிமேளம் எங்கே குபீரென்று எழும்புகிறது என்று பார்த்த உடனே கை அங்கே போய்விடும், அங்கிருந்து ஆறேழு ஃப்ரேம் பின்னால் வந்து அம்மாவின் முகத்துக்கு வெட்டுவீர்கள். அது உங்கள் கண்ணிலும் காதிலும் இருக்கிறது, அதை எந்தப் புது சாஃப்ட்வேரும் பிடுங்கிக்கொள்ளாது. முதல் வாரம் தடுமாறப்போவது விரல்தான். பிரீமியர் பழக்கத்தில் சி-யை அழுத்துவீர்கள், வெட்டும் கருவியான பிளேடு வராது, ரிசால்வில் அது பி. பின்னோக்கி ஓட்ட, நிறுத்த, முன்னோக்கி ஓட்ட அழுத்தும் ஜே, கே, எல் மட்டும் எங்கேயும் ஒன்றுதான். கீபோர்டு அமைப்பில் பிரீமியர் மாதிரியே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஆனாலும் அதைத் தொடாதீர்கள் என்பேன், நாளைக்கு வேறொருவர் சிஸ்டத்தில் உட்காரும்போது கை திணறும்.

அப்புறம் அதே கல்யாணத்தின் பிரீமியர் டைம்லைனை எக்ஸ்எம்எல்லாக எடுத்து ரிசால்வுக்குள் கொண்டு வந்து பாருங்கள். அந்த மெனுவில் இன்றும் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ்எம்எல் என்றுதான் எழுதியிருக்கும், அந்தப் பழைய சாஃப்ட்வேர் போன பிறகும் அது பேசிய மொழியில்தான் இவை இரண்டும் பேசிக்கொள்கின்றன. வெட்டுகள் வரும், டிசால்வ் வரும். பிரீமியரின் கலர் பகுதியான லூமெட்ரியில் செய்த கலர் வராது, டைட்டில்கள் வராது, காசு கொடுத்து வாங்கிய ட்ரான்சிஷன் பேக் எதுவும் வராது. என்னென்ன காணாமல் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாறினால் நீங்கள் எதை எல்லாம் மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும் என்பதற்கு அந்த நோட்டைவிட நல்ல கணக்கு கிடையாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வேலை நடுவில் அப்டேட் பட்டனைத் தொடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் டெலிவரிக்கு முந்தின ராத்திரி ரிசால்வைப் புதுப்பதிப்புக்கு ஏற்றினான். ப்ராஜெக்ட் புதுப் பதிப்புக்கு மாறிவிட்டது, கூட வேலை செய்தவர் கணினியில் பழைய பதிப்பு, அவரால் திறக்க முடியவில்லை, விடிய விடிய இரண்டு பேரும் ஒரே கணினி முன்னால் உட்கார்ந்து முடித்தார்கள். பிரீமியரிலும் இதே கதைதான், புதியதில் சேமித்தால் பழையது திறக்காது. அப்டேட் செய்யும் முன் ரிசால்வின் ப்ராஜெக்ட் லைப்ரரியை பேக்கப் எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள்.

உங்கள் லேப்டாப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள், எட்டு ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. தம்பி, அதில் ரிசால்வ் திணறும், இந்தத் திணறலைப் பார்த்து சாஃப்ட்வேர் சரியில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. குறைந்தது 16 ஜிபி ரேம் வேண்டும், ஃப்யூஷனைத் தொடுவதாக இருந்தால் 32, கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். அதுவரை ப்ராக்ஸி, அதாவது கேமரா ஃபைலின் எடை குறைந்த நகல், போட்டு ஓட்டுங்கள். உங்கள் கேமரா ஃபைலை இலவசப் பதிப்பு அப்படியே திறக்கிறதா என்றும் முதல் நாளே பார்த்துவிடுங்கள், 10 பிட்டில் எடுக்கும் கேமரா என்றால் கட்டாயம் பாருங்கள்.

அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. ஐயா, பையன் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுகிறான் என்று வருத்தப்படுகிறீர்கள், அது புரிகிறது. இந்தத் தொழிலில் கருவி மாறுவது வழக்கம், பிலிமைக் கையால் வெட்டி ஒட்டிய எடிட்டர்களும் கணினிக்கு வந்தவர்கள்தான், நம் கோடம்பாக்கத்திலேயே. ஆனால் நாற்பதாயிரம் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். பிளாக்மேஜிக்கே பயிற்சிப் புத்தகங்களையும் பழகுவதற்கான ஃபுட்டேஜையும் தன் இணையதளத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறது. ஆங்கிலம்தான், பையனால் படிக்க முடியும். பட்டன் சொல்லிக்கொடுக்கும் இரண்டு மாத வகுப்புக்கு அவ்வளவு பணம் வேண்டாம். எடிட்டிங்கையே முறையாகப் படிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை இருந்தால், தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம், புனே திரைப்படக் கல்லூரியான எஃப்டிஐஐ, கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனம் எல்லாவற்றிலும் எடிட்டிங்குக்கென்று தனிப் படிப்பு இருக்கிறது, அதற்கு வேறு மாதிரி தயாராக வேண்டும், அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

தம்பி, ஆடி மாசம் ஸ்டூடியோவில் வேலை குறைவாகத்தானே இருக்கும், அந்த மாசத்தை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா சம்மதித்தால் கோர்ஸ் பணத்தில் பாதியை ரேமுக்கும் ஓர் எஸ்எஸ்டிக்கும் போடுங்கள், இந்த லேப்டாப்பில் ரேம் ஏற்ற இடம் இருக்கிறதா என்று கடையில் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஆவணி முகூர்த்தங்களை வழக்கம்போல எடியஸிலேயே முடித்துக் கொடுங்கள். அந்த நோட்டை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு ஐப்பசியில் மாறலாமா என்று உட்கார்ந்து பேசுவோம்.