தளபதி கையில் ஏன் தடி?

கேள்வி: பழைய புத்தகக் கடையில் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்ப் படங்களின் நகல்கள் ஒரு கட்டு கிடைத்தது. குதிரைமேல் இருக்கும் தளபதி கையில் வாளைக் காணோம், குட்டைத் தடிதான் இருக்கிறது. ஓரத்தில் முரசும் கொடியும் குவிந்து கிடக்கின்றன. இதற்கெல்லாம் அர்த்தம் உண்டா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. அந்தத் தடி படையை ஏவுகிறவனின் கோல். வெட்டுவது மற்றவர்கள் பாடு, கைகாட்டுவது இவர் பாடு. முரசு, கொடி, கவசக் குவியல் எல்லாம் தோற்றவனிடம் பறித்தவை. மேலே சிறகு முளைத்த பெண் எக்காளம் ஊதினால் அவள் புகழ்தேவதை. இலை வளையம் வெற்றிக்கு. நாம் வாகை சூடினோம், அவர்கள் லாரல் சூடினார்கள்.

சில படங்களில் தடி இடது கையிலும் வாள் வலது இடுப்பிலும் இருக்கும். தளபதி இடக்கைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். இவை செப்புத் தகட்டில் கீறித் தாளில் அச்செடுத்த படங்கள்; தகட்டில் வரைவது தாளில் இடவலமாக மாறி விழும். மாணவனாக இருந்தபோது என் முதல் செப்புத் தகட்டில் பெயரை நேராக எழுதிவிட்டேன். தாளை உரித்ததும் வகுப்பே சிரித்தது.

சரி, இந்தத் தடியும் தேவதையும் எனக்கு அலுத்துப்போய்விட்டன. அலுக்காதவர் ழாக் கலோ என்ற செப்புத் தகட்டு ஓவியர். பிரான்சை ஒட்டித் தனிச் சிற்றரசாக இருந்த லொரேனின் தலைநகரம் நான்சி, அந்த நகரத்துக்காரர். பிரெஞ்சு மன்னர் 13ஆம் லூயியின் படை நான்சியைப் பிடித்தது 1633இல். அதே வருடம் கலோவின் ‘போரின் கொடுமைகள்’ 18 படங்களாக வெளிவந்தது. ஒவ்வொன்றும் 500 ரூபாய் நோட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதற்குள் கூட்டம் கூட்டமாக மனிதர்கள்! வீணை மாதிரி வாத்தியம் செய்கிறவர்கள் பூசும் கெட்டி வார்னிஷைத் தகட்டில் பூசி, அதைக் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்க விட்டதால் அவ்வளவு மெல்லிய கோடு அவருக்குக் கிடைத்தது.

உங்கள் கட்டில் பெரிய மரம் ஒன்று நடுவில் நிற்கும் படம் இருக்கிறதா பாருங்கள். கொள்ளையடித்த சிப்பாய்களைக் கொத்துக் கொத்தாகத் தூக்கில் போட்டிருப்பார்கள். ஏணியில் ஏறிய பாதிரியார் சாகப்போகிறவனிடம் சிலுவையை நீட்டுகிறார். லென்ஸை அப்படியே மரத்தடிக்கு, வலப்பக்கமாகக் கொண்டுவாருங்கள். நீங்கள் கேட்ட முரசு அங்கேயும் இருக்கிறது. இரண்டு பேர் அதன்மேல் பகடை உருட்டிக்கொண்டிருக்கிறார்கள்.