ஆரம்பிச்சவரே எல்லாத்தையும் முடிவு பண்ணணுமா?

கேள்வி: நாங்க ஆறு பேரு சேர்ந்து வேலூர்ல இருந்து ஆற்காடு, குடியாத்தம் பக்கம் போற பஸ் டைம் காட்டற ஆப் ஒண்ணு ஓப்பன் சோர்ஸா, அதாவது கோட எல்லாரும் பாக்கற, திருத்தி அனுப்பற மாதிரி பண்ணிகினு இருக்கோம். ஆரம்பிச்ச அண்ணன் ஒருத்தருக்குதான் மெர்ஜ் உரிமை, அதாவது மத்தவங்க அனுப்பற திருத்தத்த கோடுல சேக்கற உரிமை. நான் அனுப்பின திருத்தம் 2 மாசமா கிடக்குது, கேட்டா "பாக்கறேன்"னு சொல்றாரு. நல்ல மனுஷன்தான். அந்த கோட அப்படியே எடுத்து தனியா ஃபோர்க் போட்டு நடத்திடலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: இப்ப வேணாம் தம்பி. அவரு உரிமைய விட மாட்டேங்கறாரா, இல்ல யார நம்பி குடுக்கறதுன்னு தெரியாம நிக்கறாரான்னு முதல்ல பாருங்க, எனக்கென்னவோ ரெண்டாவதுதான்னு படுது. நானும் ஒரு ப்ராஜெக்ட்ல அப்படி இருந்தவன். அக்கா கல்யாணம்னு ஆம்பூர் போயி 3 வாரம் லேப்டாப்ப தொறக்கல, வந்து பாத்தா 11 திருத்தம் காத்துகினு இருக்குது, அதுல முதல்ல அனுப்பின பொண்ணு அப்புறம் எங்க பக்கம் வரவே இல்ல. இன்னிக்கும் மனசு உறுத்துது.

பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழி மாதிரி பெரிய ப்ராஜெக்ட்லயே இந்த சிக்கல் வந்துச்சு. அத உருவாக்கின கீடோ வான் ரோஸம்தான் கடைசி வார்த்தை சொல்றவரா இருந்தாரு, ஒரு மாற்றத்துக்காக நடந்த சண்டையில சலிச்சுப்போயி 2018 ஜூலைல ஒதுங்கிட்டாரு, வாரிசுன்னு யாரையும் கை காட்டல. முக்கிய டெவலப்பருங்களே மாசக்கணக்கா பேசி, ஓட்டுப் போட்டு, 5 பேர் கொண்ட குழு ஒண்ணு வச்சாங்க. அதுல ஒரே கம்பெனி ஆளுங்க 2 பேருக்கு மேல இருக்கக்கூடாதுன்னு எழுதியும் வச்சாங்க பாருங்க, அந்த விதி எனக்கு ரொம்பப் புடிக்கும். டெபியன்ங்கற லினக்ஸ் ப்ராஜெக்ட்ல இன்னும் ஒரு படி மேல, தலைவர வருஷாவருஷம் தேர்ந்தெடுப்பாங்க, அவரு எடுத்த முடிவையே டெவலப்பருங்க ஓட்டுப் போட்டு மாத்தலாம்.

ஆறு பேருக்கு தேர்தல்லாம் வேணாம். அப்பாச்சிங்கற ஓப்பன் சோர்ஸ் அமைப்போட ப்ராஜெக்ட்டுங்கள்ல இருக்கற பழக்கம் போதும்: ஒரு யோசனைய சொல்லிட்டு 72 மணி நேரம் பாப்பாங்க, யாரும் மறுக்கலன்னா சம்மதம்னு எடுத்துப்பாங்க. கோடுல ஒருத்தர் வேணாம்னு தடுத்தா டெக்னிக்கலா காரணம் சொல்லியே ஆகணும், இல்லன்னா அந்த மறுப்பு செல்லாது. இத ஒரு பக்கத்துல தமிழ்லயே எழுதி ப்ராஜெக்ட் உள்ளயே போட்டு வைங்க. மெர்ஜ் மட்டும் இல்ல, ப்ளே ஸ்டோர் அக்கவுண்ட், டொமைன், ஆப் சைனிங் கீ (புது வெர்ஷன் நம்மளோடதுதான்னு காட்டற டிஜிட்டல் சாவி) இதெல்லாம் ரெண்டாவது ஆளு ஒருத்தர்கிட்டயும் இருக்கணும், இல்லன்னா அண்ணனுக்கு நாளைக்கு ஒடம்பு சரியில்லன்னா மத்த அஞ்சு பேரும் கைய கட்டிகினுதான் நிக்கணும்.

ஃபோர்க் தப்பே இல்ல. ஜாவாஸ்கிரிப்ட் கோட சர்வர்ல ஓட்டற நோட் ஜேஎஸ்ல 2014 கடைசில பிரிஞ்சு போயி ஐஓ ஜேஎஸ்னு நடத்தினவங்க 2015ல திரும்ப சேந்தாங்க, சேரும்போது எல்லாரும் முடிவெடுக்கற முறையையும் கூடவே கொண்டு வந்தாங்க. ஆனா உங்க ஆறு பேர்ல மூணு மூணா பிரிஞ்சா ரெண்டு ஆப்பும் நிக்காது.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அண்ணன கோட்டை பக்கம் கூப்பிட்டு நேர்ல பேசுங்க. எல்லா உரிமையும் கேக்காதீங்க, "குடியாத்தம் ரூட்டு டைம் ஃபைல மட்டும் நான் பாத்துக்கறேண்ணா, அதுல மெர்ஜ் நான் பண்றேன், தப்பாப் போனா நீங்க திருப்பிடுங்க"ன்னு கேளுங்க. கூடவே மத்தவங்க அனுப்பி கிடக்கறதுல ரெண்ட நீங்களே டெஸ்ட் பண்ணி, என்ன பாத்தீங்கன்னு எழுதி எடுத்துகினு போங்க.